பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ஆங்கில ஆசிரியர் ஆகலாமா?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பிளஸ் டூ வரை தமிழ்வழியில், அரசுப் பள்ளியில் படித்தவர். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. அறிவியல் பிரிவு படித்ததால் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. "அதிலேயே சேர்ந்துவிடு. எந்த டிகிரியிலும் இரண்டு வருஷம் ஆங்கிலம் இருக்கிறது. அப்புறம் தபாலில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பி.எட். படித்தால் போதும்" என்கிறாராம் மாமா. இன்னொரு தனியார் கல்லூரியில் பி.ஏ. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் இருக்கிறது, அதில் சேரலாமா என்றும் கேட்கிறார். பி.எட்.டைத் தபாலில் படிக்க முடியுமா, எத்தனை வருடத்தில் சம்பளம் வரும் என்பவை அப்பாவின் கேள்விகள். கடைசியில் தயங்கித் தயங்கி, "இங்கிலீஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத நான் இதற்கு ஆசைப்படலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

மாமா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் வழியில் போனால் ஐந்தாறு வருடம் படித்த பிறகு விண்ணப்பப் படிவத்தின் முன்னால் தகுதியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். கல்வியியல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தல் பாடம் நடத்துகிறவள் நான். இப்படி வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறேன். அதனால் முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்குப் பகுதிகள் உண்டு. முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதிதான் முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும். மாமா சொல்லும் 'இரண்டு வருஷ ஆங்கிலம்' இரண்டாம் பகுதியில் வருவது. அதை வேதியியல் மாணவரும் படிக்கிறார், வணிகவியல் மாணவரும் படிக்கிறார். அதை வைத்து யாரும் ஆங்கிலப் பட்டதாரி ஆகிவிட முடியாது. பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியராகப் போகிறீர்களோ, அது மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும். பி.எட்.டில் ஆங்கிலம் கற்பித்தலை எடுப்பதற்கும், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தில் ஆங்கிலப் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் அடிப்படை அதுதான்.

எம்.ஏ. படித்துச் சரிக்கட்டிவிடலாம் என்ற யோசனையும் இங்கே உதவாது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பி.எஸ்சி. வேதியியலும் எம்.ஏ. ஆங்கிலமும் வைத்திருப்பவரைப் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் எடுக்க மாட்டார்கள், முதுகலை ஆசிரியர் பணிக்கும் எடுக்க மாட்டார்கள். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவிலும் பட்டதாரி ஆங்கில ஆசிரியருக்குப் பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளும் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். சில தனியார் பள்ளிகள் கண்டுகொள்ளாமல் வேலை கொடுக்கலாம். அதை நம்பி ஐந்து வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆகவே பி.ஏ. ஆங்கிலம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தது இதற்குத் தடையே இல்லை.

கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் பற்றிக் கேட்டீர்கள். படிப்பு மோசமானது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் இலக்கியப் பட்டத்தைவிட அதில் மொழிப் பயிற்சி அதிகம். சிக்கல் பெயரில் இருக்கிறது. அரசுப் பணிக்கு 'பி.ஏ. ஆங்கிலம்' என்று கேட்கும்போது, வேறு பெயருள்ள பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டம் என்று குறிப்பிட்டுத்தான் அந்த ஆணை வரும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு ஆணை இருப்பதால் உங்களுடையதும் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கல்லூரி அலுவலகத்தில் போய், "இந்தப் பட்டம் பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணை என்ற அரசாணையின் நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். எண்ணும் தேதியும் போட்ட தாள் கைக்கு வந்தால் யோசிக்கலாம். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்ற பதில் வந்தால் வெறும் பி.ஏ. ஆங்கிலம் இருக்கும் கல்லூரியைத் தேடுங்கள், பஸ்ஸில் அரை மணி நேரம் கூடப் போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை குலையக் கூடாது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. உங்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

சரி, பி.எட். 2015-ல் இருந்து அது இரண்டு வருடப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின், அதாவது என்.சி.டி.இ.யின், 2014 விதிமுறைகள்தான் நாடு முழுக்க இதற்கு அடிப்படை. பட்டத்தில் குறைந்தது 50 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தமிழ்நாட்டில் தளர்வு உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வியியல் கல்லூரிகளில் மதிப்பெண் பார்த்துக் கலந்தாய்வு மூலம் இடம் கொடுக்கிறார்கள். அதற்கு மூன்றாம் பகுதியில், அதாவது முதன்மை, துணைப் பாடங்களில், வாங்கிய மதிப்பெண்தான் கணக்கு. முதல் செமஸ்டரிலேயே இதை மனதில் வையுங்கள். கடைசி வருடத்தில் விழித்துக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்ற முடியாது. அரியர் விழுந்தால் அந்த வருடக் கலந்தாய்வே தவறிப்போகவும் வாய்ப்பிருக்கிறது.

தபாலில் பி.எட். உங்களுக்குக் கிடையாது. தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும், நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி ஒன்றை முடித்தவர்களுக்கும்தான். பி.ஏ. மட்டும் முடித்தவரைச் சேர்க்க விதி இல்லை. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வகுப்புக்கே வர வேண்டாம்" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே பணம் கட்டாதீர்கள். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. அந்த விதி சரியானது என்று மனதார நம்புகிறேன். இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் குறைந்தது 20 வாரம் பள்ளிகளில் இருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நின்று, பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாடத்தை எங்கே நிறுத்தி எப்படித் திருப்புவது என்பதை அந்த வாரங்களில்தான் கற்க முடியும். அதைத் தவறவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு வருடம் படும் பாடு கொஞ்சமல்ல. அவர்களிடம் படிக்கும் பிள்ளைகள் படும் பாடு அதைவிட அதிகம்.

நான்கு வருடத்தில் பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து முடிக்கும் படிப்பும் இருக்கிறது. ஐடெப் என்பார்கள், 2023-24-ல் சில நிறுவனங்களில் தொடங்கியது. என்சிஇடி என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒரு வருடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கத்தில் பி.ஏ. ஆங்கிலத்தோடு அது கிடைப்பது கடினம். அறிவியல் பாடங்களோடுதான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கிடைத்தால் என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். கிடைக்கவில்லை என்று வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பட்டம் மூன்று, பி.எட். இரண்டு, ஆக ஐந்து வருடம். அது முடிந்ததும் தனியார் பள்ளியில் வேலைக்குப் போகலாம். அரசுப் பள்ளிக்கு இன்னும் இரண்டு படிகள் உண்டு. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கிறவர் இங்கே பட்டதாரி ஆசிரியர். அதில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் சேர்ந்திருப்பதால் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். (இடைநிலை ஆசிரியர் என்ற பணிக்கான அறிவிப்பைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவருக்கானது, அதற்குப் பட்டயப் படிப்பு.) டெட் தேர்ச்சி பெற்றவர்கள் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 வந்தது. அதன்படி 2024 பிப்ரவரியில் தேர்வு நடந்தது. அதற்கு முன் பல வருடங்கள் பெரிய அளவில் நேரடி நியமனமே இல்லை. டெட்டும் வருடாவருடம் நடப்பதில்லை. 2019-க்குப் பிறகு 2022-ல் அறிவித்தார்கள், அதற்கு அடுத்தது 2025 நவம்பரில் நடந்தது. டெட் சான்றிதழுக்கு இப்போது ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு என்பது ஒரு நிம்மதி. பி.எட். இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம், அந்த வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் டெட் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தீர்ப்புச் சொன்னபோது, இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள்கூடப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இதைத் தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை.

அந்த இரண்டாம் தாளைப் பற்றி உங்களை இப்போதே எச்சரிக்க வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் போன்ற ஒரு மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண்ணுக்குக் கணிதமும் அறிவியலும், இல்லையென்றால் சமூக அறிவியல். ஆங்கில ஆசிரியராகப் போகிறவரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் 30 மதிப்பெண்ணும் வரலாறு, புவியியலில் 60 மதிப்பெண்ணும் வைத்துத் தகுதி பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் தேர்வு அப்படித்தான் இருக்கிறது. என் மாணவர்களில் பெரும்பாலோர் சமூக அறிவியலை எடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகங்களைத் திரும்பப் படிக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர் என்பதால் கணிதம்-அறிவியலையும் தாராளமாக யோசிக்கலாம். பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு வரும் போட்டித் தேர்வில் பாடத்துக்கு 150 மதிப்பெண். அதோடு தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் உண்டு. 50-க்கு 20 எடுக்காவிட்டால் பாடத் தாளை மதிப்பிடவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்த உங்களுக்கு இது ஒரு பயமே இல்லை.

இந்தக் கணக்கை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஐந்து வருடத்தில் ஒரு வேலை, ஆனால் தனியார் பள்ளிச் சம்பளம் பல இடங்களில் குறைவு. அரசு வேலைக்கு எத்தனை வருடம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டால் முதுகலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம். அதற்கு டெட் தேவையில்லை. பி.ஏ.வும் ஆங்கிலம் என்பதால் அப்போது இரண்டு கதவும் உங்களுக்குத் திறந்திருக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதை நீங்கள் ஓரமாக எழுதியிருந்தாலும், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஆசைப்படலாம். ஆனால் பி.ஏ. முடித்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நம் பி.ஏ. ஆங்கிலம் பெரும்பாலும் இலக்கியப் படிப்பு. சாசர் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த், ஆர்.கே. நாராயண் என்று போகும். நல்ல படிப்பு, மனதை விரிக்கும். ஆனால் பல கல்லூரிகளில் பேராசிரியர் சுருக்கத்தைத் தமிழில் சொல்ல, மாணவர் கடையில் விற்கும் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுத, மூன்று வருடம் ஓடிவிடுகிறது. பட்டம் கையில் இருக்கும், ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத வராது. அப்படிப்பட்டவர் பத்தாம் வகுப்பில் கட்டுரை எப்படித் திருத்துவார்? பி.எட். இதைச் சரிசெய்யும் என்றும் எதிர்பார்க்க முடியாது. நாங்கள் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தருகிறோம், மொழியை முதலிலிருந்து சொல்லித்தர எங்களுக்கு நேரம் இல்லை. இந்த இடைவெளி பட்டப்படிப்பு விதிகளின் பெரிய குறை. விதி மாறும்வரை அதை நீங்களேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஒலியியல், மொழியியல், இலக்கணம், ஆங்கிலம் கற்பித்தல் ஆகிய தாள்கள் இருக்கின்றனவா? விருப்பப் பாடமாகக் கொடுத்தால் மற்றவர்கள் சுலபமான தாளுக்குப் போனாலும் நீங்கள் இவற்றை எடுங்கள். ஒலியியல் கட்டாயம் வேண்டும். உச்சரிப்புக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால், யாரும் சொல்லித்தராமலே அகராதியைப் பார்த்து எந்தச் சொல்லையும் சரியாகச் சொல்ல முடியும். நம் ஊரில் பலர் பேசத் தயங்குவதே உச்சரிப்பு தப்பாகிவிடுமோ என்ற பயத்தால்தான். தினமும் அரைப் பக்கமாவது சொந்தமாக எழுதுங்கள். திருத்திக் கொடுக்க ஒரு பேராசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாணவர் தேடி வந்து கேட்டால் மறுக்கும் ஆசிரியர்கள் குறைவு. பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மாலையில் ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுங்கள். ஒரு இலக்கண விதி நமக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்பது அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் தெரியும்.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாகச் சொல்கிறீர்கள். ஆங்கிலம் கற்பிப்பதில் அது உதவும். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் அப்படிச் சொல்லித்தானே வந்திருப்பீர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ'வும் 'தி'யும் விட்டுப்போவதற்குக் காரணம் தமிழில் அப்படி ஒன்று இல்லாததுதான் என்பது புரிந்தால், பிள்ளையைத் திட்டாமல் திருத்தலாம். வகுப்பில் தாய்மொழியை அளவாகப் பயன்படுத்தி இரண்டாம் மொழி கற்பிக்கும் இருமொழி முறையை பி.எட்.டில் படிப்பீர்கள். அதைச் செய்ய இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்தான் வேண்டும். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் பணிவழிக் கற்பித்தல் முறைக்கான முக்கியமான முதல் சோதனைகளில் ஒன்று, 1979 முதல் 1984 வரை நம் தென்னிந்தியப் பள்ளிகளில், பெங்களூரிலும் சென்னையிலும், என்.எஸ். பிரபு நடத்தியது. இலக்கண விதியை முதலில் ஒப்பிக்க வைக்காமல், ஒரு வரைபடத்தையோ ரயில் கால அட்டவணையையோ கொடுத்து, அதை வைத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்து, அந்த யோசனையின் ஊடாகவே மொழியைப் பிடிக்க வைத்தார். வீட்டில் ஆங்கிலம் பேசாத, உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் அந்த வகுப்புகளில் இருந்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். வேதியியல் இடத்துக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். அதற்குள் உங்கள் மாவட்டத்து அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பி.ஏ. ஆங்கிலத்தில் காலியிடம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். முதல் சுற்றுக் கலந்தாய்வு முடிந்ததும் பலர் இடம் மாறுவார்கள், அப்போது இடம் விழும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையோடு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்பு ஒன்றைப் பதிவிறக்கி, கல்வித் தகுதி என்ற பகுதியை அவரிடம் காட்டுங்கள். இந்த வருடம் எங்குமே கிடைக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆங்கிலம் சேர்வதா, ஒரு வருடம் பொறுப்பதா என்று உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.